சூடாகுதுன்னா சூடாகுதுதான்

இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். எனக்கு நடந்ததாக இருந்தாலாவது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். இது மாதேவி பட்ட பாடு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தவள் நான். அதனால்தான் அவளைவிட எனக்கு அதிகமாக எரிகிறதோ என்னவோ.

மாதேவிக்கு ஹனூர் பக்கம். மழையை நம்பி ராகியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். கொள்ளேகாலில் பி.காம். முடித்து, லிங்கப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். என் பெயர் லீலா. நான் பிறந்ததே மைசூரில். பேசும்போது பாதிக்குப் பாதி கன்னடம் கலந்துவிடும், எழுதும்போதுதான் தமிழ் ஒழுங்காக நிற்கும். தமிழும் கன்னடமும் தெரிந்தவர்கள் வேண்டும் என்றுதான் எங்கள் இருவரையும் எடுத்தார்கள்.

என்ன வேலை என்று கேட்டால், திட்டு வாங்குகிற வேலை. மிக்ஸி, கிரைண்டர், கரண்ட் அடுப்பு செய்கிற ஒரு கம்பெனிக்காக நாங்கள் போன் எடுக்கிறோம். வாங்கிய பொருள் கெட்டுப்போனவர்கள் கூப்பிடுவார்கள், கத்துவார்கள். நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் முதல் பாடமே ஒன்று உண்டு: வாடிக்கையாளர் சொல்வதைச் சந்தேகப்படவே கூடாது. மிக்ஸி சூடாகிறது என்று ஒருவர் சொன்னால், தேங்காயை அள்ளிப் போட்டீர்களா, நிறுத்தாமல் ஓட்டினீர்களா என்று குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. ‘புரியுதுங்கம்மா, உங்களுக்கு எவ்வளவு சிரமம்’ என்றுதான் தொடங்க வேண்டும். எங்கள் மேலாளர் ஸ்ரீஹர்ஷா பயிற்சி வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்வார், “சூடாகுதுன்னா சூடாகுதுதான். அவங்க வாக்குதான் நமக்கு ரிப்போர்ட்.”

மாதேவி இதில் கெட்டிக்காரி. தீப்பொறி பறக்கப் பேசியவர்கள்கூட அவளிடம் ‘நல்லா இரு தாயி’ என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள். அதற்காக அவளைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரை அக்ரஹாரம் ஸ்டாப்பிலிருந்து ஹெப்பாள் வரைக்கும் நின்றுகொண்டே வரவைத்தவள். ஆனால் கத்த மாட்டாள். கோபம் ஏற ஏறக் குரல் தணிந்துகொண்டே போகும். அவள் முணுமுணுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்த வருஷம் அவளை நிரந்தரமாக்குகிற வருஷம். பட்டியலில் பெயர் இருந்தது. ஒரே ஒரு கண்டம்தான் பாக்கி. வாரத்தில் பாதி நாள் நாங்கள் கம்பெனி கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்வோம். பேச்சு நடுவில் தொடர்பு அறுந்துபோனால், ‘முன்னறிவிப்பின்றிப் பணியிலிருந்து வெளியேறினார்’ என்று சிஸ்டம் தானாகவே குறித்துவிடும். மனிதர் யாரும் பார்ப்பதில்லை. அப்படி மூன்று குறி விழுந்தால் நிரந்தரமும் இல்லை, கான்ட்ராக்டும் இல்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். குறி தப்பு என்று மேலாளர் தன் கையால் கீழே எழுதினால்தான் அது செல்லாது.

தசராக் கூட்டமெல்லாம் வடிந்து ஊர் அமைதியான சமயத்தில் அவள் லேப்டாப் சூடாக ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற காற்றாடி கரகரவென்று ஏதோ அரைக்கிற மாதிரி சத்தம் போடும். அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாது. பேசிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று திரை கறுத்துப்போகும். மறுபடி உயிர் வர, ஆறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். முதல் குறி அப்படித்தான் விழுந்தது.

பெங்களூரில் இருக்கிற உதவிப் பிரிவுக்குப் புகார் கொடுத்தாள். ‘காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துப் பயன்படுத்தவும்’ என்று பதில் அனுப்பிவிட்டு அவர்களே புகாரை முடித்துவிட்டார்கள். கார்த்திகை மாதத்து மைசூர்க் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் காற்றோட்டத்தைப் பற்றிப் பாடம்!

லிங்கப்பன் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அவனும் தன்னால் ஆனதைச் செய்தான். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தான். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். பிறகு போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு, “என்னைவிட அதுக்குத்தான் ஊட்டுல மருவாதி” என்றானாம். அப்படியும் இரண்டாவது குறி விழுந்தது.

அன்றைக்கு ஸ்ரீஹர்ஷாவே அவளைக் கூப்பிட்டார். அவர் மேல்கோட்டைக் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆபீசில் இங்கிலீஷ், யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் கன்னடம். “வீட்டுல வேலை இருந்தா லீவு சொல்லிடுங்க மாதேவி. எதுக்கு லேப்டாப் மேல பழி போடறீங்க? குணிலாரதவளு நெல டொங்கு அந்தளந்தெ” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதன் கன்னடம் அது.

மறுநாள் அவள் என்னிடம் அதைச் சொன்னபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது. “நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறாருக்கா. என்ற மாமியார்கூட இத்தனை வருசத்துல அப்பிடி ஒரு வார்த்தை சொன்னதில்ல. எத்தனை சூடுன்னு அளந்து மூஞ்சில காட்டறேன், இருங்க.”

அளந்தாள். ப்ராசசரின் சூட்டைப் பார்த்துச் சொல்கிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொண்டாள். சும்மா இருக்கும்போதே எழுபது டிகிரியைத் தாண்டி நின்றது. போன் பேசுகிற மென்பொருள், கேமரா, நாங்கள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறோமா என்று திரையைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிற வேவுகாரன், எல்லாவற்றையும் ஓடவிட்டதும் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. நூறை நெருங்கினால் கருகிப்போகாமல் இருக்க அது தானே அணைந்துகொள்ளும். எண்ணோடு திரையைப் படமெடுத்து ஸ்ரீஹர்ஷாவுக்கும் உதவிப் பிரிவுக்கும் அனுப்பினாள். இனி யார் என்ன சொல்ல முடியும் என்று எனக்கும் ஒரு மெசேஜ்.

சொன்னார்கள். சாயங்காலமே பதில் வந்தது. ‘நிறுவன லேப்டாப்பில் அனுமதியில்லாத மென்பொருள் நிறுவியது விதிமீறல். லேப்டாப்பின் கோளாறுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.’ கோளாறு எப்போது ஆரம்பித்தது, மென்பொருள் எப்போது வந்தது என்று பார்க்க ஒருவருக்கும் கண் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் வைத்தால், காய்ச்சலே அதனால்தான் வந்தது என்கிற கூட்டத்தை என்ன செய்வது? அந்த வாரமே மூன்றாவது குறியும் விழுந்தது. விசாரணைக்கு வரச் சொன்னார்கள். டீமில் மூத்தவள் என்பதால் நானும் கூட இருக்க வேண்டும் என்றார்கள்.

கண்ணாடி அறை. ஸ்ரீஹர்ஷா சோபாவில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஹரிப்ரசாத், எங்கள் கிளையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். நல்லவன்தான், ஆனால் மேலாளர் தும்மினால் இவன் கைக்குட்டை நீட்டுகிற ரகம். மாதேவி லேப்டாப்பை அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் திறந்து, கம்பெனி அனுமதித்த மென்பொருளைப் போட்டான். நான் எட்டிப் பார்த்தேன். மாதேவி போட்டதாகக் குற்றம் சாட்டினார்களே, சாட்சாத் அதே சாஃப்ட்வேர்! இவன் போட்டால் பரிசோதனை, அவள் போட்டால் விதிமீறல்.

அந்த அறையில் ஏசி பல் கிட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிய லேப்டாப். வேறு எதுவும் அதில் ஓடவில்லை. “ஐம்பத்தெட்டு சார்” என்றான் ஹரிப்ரசாத்.

“நார்மல்” என்றார் ஸ்ரீஹர்ஷா. எங்களைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். “கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கறது எல்லா லேப்டாப்புக்கும் சகஜம் மாதேவி. இதுக்குப் போயி…”

“வெதுவெதுப்புங்களா சார்?” என்றாள் மாதேவி. குரல் நன்றாகத் தணிந்துவிட்டது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். “அப்ப உங்க மடியில வெச்சுக்கங்க. நான் வேலை பண்றேன்.”

அவர் யோசிப்பதற்குள் அவள் போன் மென்பொருளைத் திறந்தாள், கேமராவைத் திறந்தாள், வேவுகாரனை எழுப்பினாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். லேப்டாப்பை அவர் தொடை மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். இடையில் ஹெட்போன் வயர். மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தால் சூடு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவரும் பேசாமல் இருந்தார். வீம்பு!

உடனே ஒரு அழைப்பு வந்தது. சாமராஜநகரிலிருந்து ஒரு அம்மா. மிக்ஸி வாங்கி மாதம் ஆகவில்லை, சட்னி அரைப்பதற்குள் தொட முடியாத அளவு சுடுகிறதாம். எங்களுக்கும் கேட்கட்டும் என்று மாதேவி சத்தத்தை வெளியே திருப்பினாள். அந்த அம்மா தமிழில் பொரிந்து தள்ளினார்.

“புரியுதுங்கம்மா. எவ்வளவு சிரமம் உங்களுக்கு. காலையில சமையல் நேரத்துல இப்பிடி ஆச்சுன்னா யாருக்குத்தான் கோபம் வராது” என்றாள் மாதேவி. அவள் பார்வை மட்டும் ஸ்ரீஹர்ஷாவை விட்டு நகரவில்லை.

“எழுபத்தொன்பது” என்றான் ஹரிப்ரசாத், வாய்க்குள்.

“கடைக்காரன் நம்பமாட்டேங்கறான்மா. நான் வேணும்னே கெடுத்துட்டேன்கறான்” என்றார் அந்த அம்மா.

“நாங்க நம்பறோங்கம்மா. நீங்க சூடாகுதுன்னு சொன்னாச் சூடாகுதுதான்.”

எண்பத்தாறு. ஸ்ரீஹர்ஷா ஒரு காலை லேசாகத் தூக்கினார். பிறகு மறு காலை. காற்றாடி கரகரத்தது. அவர் லேப்டாப்பைத் தொடையிலிருந்து முழங்கால் பக்கம் நகர்த்தினார், சட்டை நுனியை இழுத்து அடியில் விட்டுக்கொண்டார், உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்தச் சூட்டை வாரக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஒருத்தி ஊராரிடம் இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறாளே என்று ஆத்திரம்தான் வந்தது.

“தொம்பத்தேளு” என்றான் ஹரிப்ரசாத் கன்னடத்தில், பதற்றத்தில் இங்கிலீஷ் மறந்துபோய். தொண்ணூற்றேழு.

“வேற மிக்ஸி அனுப்பச் சொல்றேங்கம்மா. உங்க வீட்டு முகவரி…” என்று மாதேவி கேட்கும்போதே திரை கறுத்தது. அந்த அம்மாவின் குரல் அறுந்தது. ஸ்ரீஹர்ஷா லேப்டாப்பைத் தூக்கி சோபாவில் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் அவர் சட்டைப்பையில் போன் டிங் என்றது.

எடுத்துப் பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று. நான் தோள் வழியாகப் படித்தேன். ‘பணியாளர் மாதேவி முன்னறிவிப்பின்றிப் பணியிலிருந்து வெளியேறினார்.’

“நான் இப்ப எங்கிங்க சார் இருக்கறேன்?” என்றாள் மாதேவி. காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும், அவ்வளவு சன்னமாக.

ஹரிப்ரசாத்துக்கு அந்தச் சமயத்தில் ரோஷம் வந்ததா, பயம் வந்ததா தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அங்கேயே லேப்டாப்பின் அடிப்பலகையைக் கழற்றினான். காற்றாடியின் இறக்கைகளுக்கு நடுவே மஞ்சள் அரிசி. நெய்யும் மஞ்சளும் சேர்ந்து களிம்பாகி, அதில் தூசியும் காய்ந்த செவ்வந்தி இதழும் ஒட்டி, காற்று போகிற வழி முழுக்க அடைந்து கிடந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு எங்கள் எல்லோருடைய லேப்டாப்புகளையும் ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படுக்க வைத்தால் போட்டோவில் எடுப்பாக இல்லை என்று, பாதி திறந்து, கூடாரம் மாதிரி கவிழ்த்து நிறுத்தச் சொன்னவர் ஸ்ரீஹர்ஷா. அப்படி நிறுத்தினால் காற்றுப் போகிற ஓட்டைகள் வானத்தைப் பார்க்கும். மாதேவியின் லேப்டாப் முதல் வரிசையில் நடுவில் இருந்தது. கம்பெனி வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இரண்டு கையாலும் அட்சதையை அள்ளி அள்ளி இறைத்தவரும் அவர்தான். அந்தப் படம் ஆபீஸ் வாசலில் இன்னும் தொங்குகிறது.

அவரும் புரிந்துகொண்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தொடையைத் தடவிக்கொண்டே, “பூஜை அட்சதை… இதுல யாரைத் தப்பு சொல்றது? தெய்வ சங்கல்பம்” என்றார்.

“சாமி மேல போடாதீங்க சார். எறைச்ச கை யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

“சரி சரி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. வேற லேப்டாப் குடுக்கச் சொல்றேன். இன்னிக்கு விழுந்த குறியை நானே எடுத்துடறேன்.”

“இன்னைக்கு விழுந்தது மட்டும் இல்லீங்க. முன்னாடி மூணும்.”

“பழசையெல்லாம் கிளறினா மேலே கேள்வி கேப்பாங்க மாதேவி. புரிஞ்சுக்குங்க.”

இதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! இவருக்கு மேலே ஒரு கேள்வி வந்தால் சங்கடம். அவளுக்குச் சோறே போனாலும் அட்ஜஸ்ட்மென்ட். நான் ஏதோ கத்த வாயெடுத்தேன். மாதேவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

“உங்க லேப்டாப்பைத் தொறங்க சார்” என்றாள். “குறிக்குக் கீழ எழுதற எடம் இருக்குதுல்ல, அங்க எழுதுங்க. நான் சொல்றேன்.”

என்ன நினைத்தாரோ, திறந்தார். வாசலில் தொங்குகிற படம் ஞாபகம் வந்திருக்கலாம். கண்ணாடிக்கு வெளியே பாதி டீம் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். நியாயம் உறைத்து எழுதினார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“லேப்டாப் சூடாயித் தானா அணைஞ்சது. மாதேவி சொன்னது நெசம்.” அவள் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் தட்டினார். அதுவரைக்கும் விரல் தடையில்லாமல் ஓடியது.

“அவ சொன்னதை நம்பாதது நான்.”

விரல் நின்றது. பிறகு ஏதோ தட்டினார். மாதேவி குனிந்து பார்த்தாள். “கம்பெனின்னு போட்டிருக்கறீங்க. கம்பெனிக்கு ஏதுங்க வாயி? பொய்க்காரின்னு என்னைச் சொன்னது கம்பெனி இல்லீங்களே. நான்னு போடுங்க.”

அழித்தார். போட்டார். அன்றைக்கு விழுந்ததையும் சேர்த்து நான்கு குறிக்கும் கீழே நான்கு முறை. கடைசி முறை எண்டர் பட்டனைத் தட்டியபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. மாதேவி நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவளோடு பேசியிருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேறு லேப்டாப். நான் சந்தோஷம் தாங்காமல், “இனி உன் நிரந்தரத்தை யாராலும் தொட முடியாது. ஜெயிச்சுட்டே போ” என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

“என்னத்தக்கா ஜெயிச்சேன்?” என்றாள். அன்றைக்கு முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். “சாமராஜநகர்ல இருந்து மொகந்தெரியாத ஒரு அம்மா சொன்னாங்க, அந்த நிமிசமே நம்புனோம். நாலு வருசமா எதுக்க உக்காந்து வேலை செய்யறவ சொன்னா, ஒரு ஆளு தொடை வெந்தாத்தான் நம்புவாங்களா?”